நானூற்றுத் தொண்ணூற்று நான்கில் ஓர் இடைவெளி

ஆடி மாதம் இரண்டாம் வாரம், புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, செத்துப்போனவர்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் படிக்க வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் ரயில்வே கேட் அருகில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்து, முந்தைய மார்கழியில் நெஞ்சுவலியில் போன ஆரோக்கியம். அவர் பின்பக்கம் பைண்டிங் பிரிவு வழியாக உள்ளே வந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, இரண்டாம் தளத்துக்கு ஏறி, வானவியல் வரிசையின் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தார். உயிரோடு இருந்தவரை கைநாட்டு வைத்த மனிதர் அவர். புத்தகத்தை அவர் நேராகப் பிடித்திருப்பதையும் பக்கத்தைச் சரியான நேரத்தில் திருப்புவதையும் பார்த்த அட்டெண்டர் ரஞ்சிதம், "எப்பப் படிச்சாரு இவரு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரத்திலேயே பதினேழு பேர் வந்தார்கள். ஆவணி பிறப்பதற்குள் இருநூறைத் தாண்டிவிட்டது. மலையடிவாரத்தில் நான்கு மாடிக் கட்டடமாக நின்ற அந்த நூலகத்தில் மூன்று லட்சம் புத்தகங்கள் இருந்தன, மனிதன் யோசித்துப் பார்த்த அத்தனை துறைகளும் பூஜ்யத்தில் தொடங்கித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது வரை எண் போட்டு அடுக்கப்பட்டிருந்தன, அவற்றுக்கு நடுவே வந்தவர்கள் வழி கேட்காமல், தயங்காமல், தங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போவது போல நேராகத் தங்கள் வரிசைக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு துறைதான். வாழ்ந்த காலத்தில் ஆசைப்பட்டும் தொட முடியாமல் போன துறை அது என்று ஊர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. அவர்கள் யாரையும் அடையாளம் காணவில்லை, யாரிடமும் பேசவில்லை. இரண்டு மணியிலிருந்து ஐந்தரை மணி அடிக்கும் வரை நான்கு தளங்களிலும் பக்கங்கள் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், அவர்கள் எழுந்து போனபின் நாற்காலியில் கை வைத்தால் தண்ணீர்ப் பானையைத் தொட்டது போல இருக்கும். எடுத்த துறையில் அங்கே இருந்த கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முடித்ததும், நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு வந்த வழியே போவார்கள். அப்புறம் வரமாட்டார்கள்.

சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அரிசி மில் ராஜாமணி, தொண்டை கிழியக் கத்தியே எழுபது வயது வரை வாழ்ந்தவர், பூவேலைத் தையல் புத்தகத்தில் ஒரு காம்புத் தையலின் படத்தை விரலால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த அவர் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நூல் மில்லில் இயந்திரத்தில் சேலை சிக்கிச் செத்த கோகிலம் தொழிலாளர் சட்டத்தை வரி விடாமல் படித்தாள். அவளுடைய பழைய மேஸ்திரி ஒருநாள் வந்து அலமாரிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார், மறுநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரை விட்டே போனார். மஞ்சள் காமாலையில் போன பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, கால் தரையில் எட்டாமல் தொங்க, கல்லீரலைப் பற்றிய தடித்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா தினமும் வந்து எதிர் நாற்காலியில் உட்காருவார். அவள் நெற்றியைச் சுருக்கும்போது அவரும் சுருக்குவார்.

பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூடியது. உறுப்பினர் அல்லாதவர்கள் நூலகத்தைப் பயன்படுத்தலாமா என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். வாசகர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை என்று சட்டத்துறைப் பேராசிரியர் எடுத்துக்காட்டியதும் செத்தவர்களுக்கு இளம்பச்சை நிறத்தில் சிறப்பு வாசகர் அட்டை கொடுப்பதென்றும், புத்தகத்தை வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்றும் முடிவாயிற்று. நாற்காலி போதவில்லை என்று மாணவர்கள் முதல் மாதம் முணுமுணுத்தார்கள், அப்புறம் செத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் யாரும் போனில் பேசமாட்டார்கள் என்று கண்டுகொண்டு தேடி வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். ஆனால் மூக்குக் கண்ணாடி கொண்டு வந்தவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை, கவுண்டரில் ஓர் அட்டைப் பெட்டி நிறையச் செத்தவர்களின் கண்ணாடிகள் பெயர் எழுதி வைக்கப்பட்டன. புத்தகம் வாங்கிக் கொடுப்பதை அரிசி மில் ராஜாமணியின் மனைவிதான் தொடங்கி வைத்தாள்: அவர் தையல் வரிசையில் முக்கால் பங்கை முடித்துவிட்டார் என்று தெரிந்ததும் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் தையல் புத்தகங்களைத் தருவித்து நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். தேனீ வளர்ப்புக்கும் நிலநடுக்கவியலுக்கும் ஆட்டு நோய்களுக்கும் புதுப்புது அலமாரிகள் வந்தன. தங்கள் ஆள் படித்து முடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அந்த ஊர் புத்தகம் வாங்கிக்கொண்டே இருந்தது.

அந்தப் புத்தகங்களுக்கெல்லாம் எண் போட்டவள் குணவதி. ஐம்பத்துநான்கு வயது, உதவி நூலகர், எந்தப் புத்தகம் எந்தத் துறையைச் சேர்ந்தது, எந்த அலமாரியில் யாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்வதே இருபத்தெட்டு வருடமாக அவள் வேலை. அவளுடைய கணவர் பரமசிவம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், நுரையீரலில் நீர் கோத்து இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஆரோக்கியம் வந்த நாளிலிருந்தே குணவதி மதியச் சாப்பாட்டை நான்கு வாயில் முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கு எழுந்து நான்கு தளமும் நடப்பாள். கடைசி விளம்பரம் வரை பேப்பர் படிக்கிறவர் என்பதால் அரசியலில் தேடினாள், அங்கே இல்லை. வண்டிச் சத்தத்தை வைத்தே எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்கிறவர் என்பதால் இயந்திரவியலில் தேடினாள், இல்லை. அவளைவிட நன்றாக ரசம் வைப்பார் என்பதால் சமையலில் தேடினாள், இல்லை. தத்துவத்தில் இல்லை, சமயத்தில் இல்லை, கணிதத்தில் இல்லை, பூச்சிகளில் இல்லை, பறவைகளில் இல்லை, இசையில் இல்லை, பிரயாணத்தில் இல்லை. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் திரும்பும்போது, இருபத்தாறு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் இப்படி எண் எண்ணாகத் தேடுகிறோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பரமசிவம் வந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார், மேல் பொத்தான் எப்போதும் போலத் திறந்திருந்தது. மூன்றாம் தளத்து நடைபாதையில் எதிரே வந்த அவரைப் பார்த்ததும் குணவதியின் கையிலிருந்த புத்தகங்கள் நழுவின.

"ஏனுங்க," என்று கூப்பிட்டாள்.

அவர் நின்றார். கவுண்டரில் இருக்கும் யாரோ ஒரு அம்மாவைப் பார்ப்பது போலப் பார்த்தார். புத்தகங்களை மிதிக்காமல் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, அவர் போகும் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மற்றவர்களைப் போல அவர் உட்காரவில்லை. நான்கு தளமும் நடந்தார். மறுநாளும் நடந்தார். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, இருநூற்றுச் சொச்சம் பேர் குனிந்து படித்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை வரிசை வரிசையாக நடந்தார், நின்றார், திரும்பவும் நடந்தார். ஐப்பசியில் அவர் வலது காலைச் சற்று இழுத்து வைக்க ஆரம்பித்தார்.

"அக்கா, மாமா உக்கார மாட்டேங்கறாருங்க," என்றாள் ரஞ்சிதம். "பாக்கவே என்னமோ பண்ணுதுங்க. அவருக்கு வேணுங்கறது இங்க இல்லியோ?"

"இங்க இல்லாதது எது ரஞ்சிதம்? மூணு லட்சம் புஸ்தகம் இருக்குது."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவள் அவர் பின்னாலேயே நடந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: தினமும் ஒருமுறை, நான்காம் தளத்தின் வடக்கு மூலையில், மொழிகளின் வரிசையில், நானூற்றுத் தொண்ணூற்று நான்காம் எண் அலமாரியில் அவர் நிற்பார். அங்கே பதினொரு அலமாரி நிறையத் தமிழ், அதையடுத்து மலையாளம், தெலுங்கு, கன்னடம், பிறகு சிறிய மொழிகளுக்கான ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. பரமசிவம் அந்த இடைவெளிக்குள் விரல்களை நுழைத்து, ஏதோ ஒன்றை வெளியே இழுக்கப் போகிறவர் போல, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு வெறுங்கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

குணவதி பழைய வரவுப் பதிவேடுகளையெல்லாம் புரட்டினாள். அந்த இடத்திலிருந்து எந்தப் புத்தகமும் காணாமல் போயிருக்கவில்லை. அங்கே எந்தப் புத்தகமும் வந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அவளுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கடைசி வாரத்தில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் ஏதேதோ பேசினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, சுரவேகத்தில் உளறுகிறார் என்று நெற்றியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் பெண் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "சாருக்கு மலைமேல சொந்தமுங்களா அக்கா? எங்க ஊர்ப் பக்கம் ஆடு ஓட்டிட்டு வர்ற மலைக்காரங்க இப்படித்தான் பேசுவாங்க." இல்லையம்மா, அவருக்கு யாருமே இல்லை, சேலம் பக்கம், சின்ன வயதிலேயே அப்பா அம்மா தவறிவிட்டார்கள் என்று குணவதி சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் அவளிடம் சொன்னது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வேலை பார்த்த மலைப் பஸ்ஸிலேயே ஏறினாள். இப்போதைய கண்டக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தான். "அண்ணனுக்கு எத்தனையோ தடவ டவுன் ரூட்டு குடுத்தாங்க அண்ணி. வேண்டாம்னுட்டாரு. இருபத்திரண்டு வருசம் இதே ரூட்டுதான். மேல போனா வண்டி இருபது நிமிசம் நிக்கும். அந்தப் புளியமரத்தடியில நின்னு பீடி குடிப்பாரு, வருவாரு. எங்கியும் போகமாட்டாரு."

கடைசி நிறுத்தத்தில் புளியமரம் இருந்தது. அதைத் தாண்டி ஓர் ஓடை, ஓடைமேல் சிறிய பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினெட்டு வீடுகள். முதல் வீட்டு வாசலில் அறுபதைத் தாண்டிய ஒருத்தி முறத்தில் அவரைக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். மரத்தடியில் நின்றாலே அவள் முகம் தெரிந்தது. பாலத்தைக் கடந்து பக்கத்தில் போனதும் குணவதிக்குக் கேட்க வேண்டிய கேள்வியே மறந்துபோயிற்று. அதே அகலமான நெற்றி, அதே வெளியே தள்ளிய காது மடல்.

அவள் பேர் பொம்மி. பரமசிவத்தின் அக்கா.

"சடையன் பொண்டாட்டியா நீ?" என்றாள், முறத்தை நிறுத்தாமல். "செத்துட்டான்னு டிரைவர் சொன்னாரு. ரெண்டு வருசம் இருக்குமில்ல?"

"அவரு பேரு பரமசிவமுங்க."

"அது அவன் வெச்சுக்கிட்டது. சடையன்தான். எல்லாம் ஒரே சாமிதான், போ."

குணவதி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பொம்மி சொன்னதெல்லாம் அவள் காதில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. பத்து வயதில் அவனைக் கீழே ஹாஸ்டலில் சேர்த்தார்கள். மலைப்பேச்சில் ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் பொழுது சாயும் வரை மற்றப் பிள்ளைகள் முன்னால் நிற்க வைப்பார்கள். லீவுக்கு வந்தவன் அம்மாவிடமே தமிழில் பேசினான். பத்தொன்பது வயதில் போனவன் திரும்பவில்லை. அப்புறம் ஒருநாள் காக்கிச் சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான்.

"இந்த மரத்தடியில நிப்பான். நான் இந்த வாசல்ல நிப்பேன். அவனுக்கு நான் தெரிவேன், எனக்கு அவன் தெரிவான். இருபத்திரண்டு வருசம். அவன் வரல, நான் கூப்புடல. எங்கம்மா உசுரு போறப்ப அவன் வண்டி அங்கதான் நின்னுச்சு. ஹாரன் சத்தம் அவ காதுல உழுந்துச்சு. வந்துட்டானான்னு கேட்டா."

ஓடை ஓடுகிற சத்தம் கேட்டது. குணவதி நூலகத்தைப் பற்றிச் சொன்னாள். செத்தவர்கள் வந்து படிப்பதைக் கேட்டுப் பொம்மி தலையை ஆட்டினாள். அந்தச் சேதி மலைக்கும் வந்திருந்தது. அலமாரியில் இருந்த இடைவெளியைச் சொன்னாள். உங்கள் பேச்சில் ஒரு புத்தகம் எழுத வேண்டும், நீங்கள் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

"சொல்லமாட்டேன்," என்றாள் பொம்மி. "அவனே வேண்டாம்னு கீழ போட்டுட்டுப் போன பேச்சு. இங்க முந்நூறு பேரு பேசறோம், எங்க ஆடுகூடப் புரிஞ்சுக்குது, எங்களுக்குப் புஸ்தகம் எதுக்கு? அவனுக்கு வேணும்னா உசுரோட இருக்கறப்ப பாலத்தத் தாண்டி வந்திருக்கலாம். நாப்பது அடிதான்."

குணவதி எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். மனசில் இருந்ததை அப்படியே சொன்னாள்.

"எல்லாரும் உக்காந்திருக்காங்க அக்கா. அவரு மட்டும் நின்னுக்கிட்டே இருக்காரு. காலு இழுக்குது."

முறம் நின்றது.

"மறுபடியுமா நிக்கறான்?"

"ரெண்டு மாசமாகுதுங்க."

பொம்மி ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஹாரன் அடித்தது, இன்னொரு முறை அடித்தது, குணவதி அதில் ஏறப் போகவில்லை. பிறகு பொம்மி, திரும்பாமலே, ஒரு வார்த்தை சொன்னாள்.

"அமெ. உக்காருன்னு சொல்றது. எழுதிக்க."

அப்படித்தான் அந்தப் புத்தகம் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் பஸ்ஸில் குணவதி மேலே போனாள், நீளமான நோட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்தில் எழுதினாள். உப்புக்கு ஒரு வார்த்தை, முழங்காலுக்கு ஒரு வார்த்தை, ஈரவிறகுக்கு, அத்தைக்கு, பொய்க்கு, தும்மலுக்கு. பிறகு வாக்கியங்கள். ஆட்டைக் கட்டு, மழை வருது. யார் இவ? குடிக்கத் தண்ணி கொடு. பொம்மியின் மருமகள்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டு, "அது அப்படியில்ல, இப்படி" என்று ஒருவரையொருவர் திருத்தினார்கள். குணவதி சொல்லிப் பார்க்கும்போது வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கார்த்திகை போய் மார்கழி வந்தது. கீழே பரமசிவம் நடந்துகொண்டிருந்தார். இடைவெளியில் விரலை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. சிலர் குணவதியை மெச்சினார்கள். அரிசி மில் ராஜாமணியின் மனைவி மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, "பாத்துக்கம்மா," என்றாள். "நானாவது ஆயிரம் புஸ்தகம் வாங்கிப் போட்டு அவர நிறுத்தி வெச்சிருக்கேன். உன்னுது ஒரே ஒரு புஸ்தகம். முடிச்சாருன்னா போயிருவாரு. நடந்துக்கிட்டே இருந்தாலும் கண்ணு முன்னால இருக்காரில்ல?"

அது குணவதிக்குத் தெரியாமல் இல்லை. தை மாதத்தில் ஆயிரத்து நூறு வார்த்தை சேர்ந்திருந்தது. ஒரு புத்தகத்துக்கு அது போதும். ஆனாலும் அவள் மேலே போய், இந்தச் செடிக்கு என்ன பேர், அந்தக் கல்லுக்கு என்ன பேர், இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் பேரில் வித்தியாசம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது ஞாயிறு பொம்மி அவள் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ இழுத்தடிக்கற."

குணவதி நோட்டுப் புத்தகத்தை மூடினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் அப்படித்தான்," என்றாள் பொம்மி, குரலைத் தாழ்த்தி. "நீ வந்துட்டுப் போனா அவன் சேதி வருது. அதுக்காகத்தான் கல்லுக்கெல்லாம் பேரு சொல்லிட்டு இருந்தேன். அதுல பாதி நானா வெச்ச பேரு. அதெல்லாம் அடிச்சுரு. முடி."

பைண்டிங் பிரிவில் நூற்று நாற்பது பக்கங்களுக்கு நீலத் துணி அட்டை போட்டுக் கொடுத்தார்கள். தலைப்பு வேண்டும். அந்த மொழிக்குப் பேர் என்ன என்று குணவதி கேட்டபோது, "பேச்சுக்கு எதுக்குப் பேரு?" என்று பொம்மி திருப்பிக் கேட்டிருந்தாள். அதனால் 'பேச்சு' என்றே பொறித்தாள். நானூற்றுத் தொண்ணூற்று நான்கு, புள்ளி, எட்டு என்று எண்ணும் போட்டாள். ஆனால் அலமாரியில் வைக்கவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பதினொரு நாள் அது அங்கேயே இருந்தது. இரண்டு மணிக்கு அவர் வருவதையும், அவள் மேசையைத் தாண்டிப் போவதையும், அந்த வலது கால் தரையை உரசுவதையும் கேட்டுக்கொண்டு, சாவியை இறுக்கப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் அந்த உரசல் மேசைக்கு எதிரே வந்து நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி வைத்து, அலுத்துப்போன குழந்தை போல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

குணவதி இழுப்பறையைத் திறந்தாள். நான்காம் தளத்துக்கு ஏறி, அந்த இடைவெளியில் புத்தகத்தைச் செருகினாள். சரியாகப் பொருந்தியது. ஒதுங்கி நின்றாள்.

அவர் வந்தார், விரலை வைத்தார், இழுத்தார். புத்தகம் கையில் வந்ததும் அதை உடனே திறக்காமல் உள்ளங்கையால் அட்டையைத் தடவினார். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நூற்று நாற்பது பக்கத்தைப் படிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் உதடு அசைய ஆரம்பித்தது. ஆறாம் நாள் சத்தம் வந்தது. செத்தவர்களில் யாரும் அதுவரை சத்தம் எழுப்பியதில்லை. அவர் வாய்விட்டுப் படித்தார், முதலில் கரகரவென்று, பிறகு தெளிவாக. அந்தத் தளத்தில் வேதியியலையும் மண்ணியலையும் படித்துக்கொண்டிருந்த மற்றச் செத்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நின்ற தலைமை நூலகர், ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பேசாமல் திரும்பிப் போனார். குணவதி ஓர் அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டாள். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் கேட்டிராத குரல் அது. வயிற்றிலிருந்து வருகிற, கொஞ்சம் முரட்டுத்தனமான, வெட்கமில்லாத குரல். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் மலைப் பஸ் டிரைவரிடம் சேதி சொல்லி அனுப்பினாள். ஒன்பதாம் நாள் மதியம், ஒரு பழைய பச்சைச் சேலையில், கையில் துணிப்பையோடு, பொம்மி பாலத்தைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, பஸ் ஏறி வந்தாள். நான்கு மாடிப் படியையும் நின்று நின்று ஏறினாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். பரமசிவம் நிமிரவில்லை. படித்துக்கொண்டே இருந்தார். பொம்மி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அப்படியில்ல," என்றாள் தன் பேச்சில், சத்தமாக. ஒரு வார்த்தையை நீட்டிச் சொல்லிக் காட்டினாள்.

பரமசிவம் நிறுத்தினார். அந்த வார்த்தையை அவள் சொன்னபடியே திருப்பிச் சொன்னார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார். உயிரோடிருக்கும் ஒருவரைச் செத்துப்போன ஒருவர் அடையாளம் கண்டுகொண்டது அந்த நூலகத்தில் அதுதான் முதல் முறை, கடைசி முறையும்கூட.

"அக்கா," என்றார்.

அதற்குப் பிறகு பொம்மி திட்டினாள். நாற்பது வருடத்தையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். நாயே என்றாள், கல்நெஞ்சுக்காரா என்றாள், அம்மா ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டு செத்தாள் என்றாள், கூரை ஒழுகியபோது ஏறிப் பார்க்க ஆம்பளை இல்லை என்றாள், நாற்பது அடி, நாற்பது அடி, நாற்பது அடி என்று மேசையில் உள்ளங்கையால் அடித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளாடு என்ன ஆச்சு என்று கேட்டார். அது செத்து முப்பது வருசம் ஆச்சு என்றாள். அதன் குட்டிகள்? அதுகளோட குட்டிகளோட குட்டிகள் இருக்கு என்றாள். அவர் சிரித்தார், அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். அலமாரியைப் பிடித்தபடி நின்ற குணவதிக்கு எல்லாம் புரிந்தது, ஆட்டுக்குட்டி எழுபதாம் பக்கத்தில் இருந்தது, கூரை பதினைந்தில் இருந்தது, கல்நெஞ்சுகூட இருந்தது.

ஐந்தே கால் ஆயிற்று. பரமசிவம் கடைசிப் பக்கத்தைப் படித்தார், புத்தகத்தை மூடினார், எழுந்தார். கால் இழுக்கவில்லை. அப்போது அவர் பார்வை குணவதிமேல் விழுந்தது.

"யார் இவ?" என்று அக்காவிடம் கேட்டார்.

மனைவி என்ற வார்த்தை முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. பொம்மி அதைச் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்து, பிறகு குணவதியைப் பார்த்து, வேறொரு வார்த்தை சொன்னாள். சின்ன வார்த்தை. புத்தகத்தில் இல்லாதது, இத்தனை மாதத்தில் அந்த வாசலில் யார் வாயிலிருந்தும் குணவதி கேட்டிராதது.

அதைக் கேட்டதும் பரமசிவத்தின் முகம் மாறியது. இரண்டடி முன்னால் வந்தார். காலை டூட்டிக்குக் கிளம்பும்போதோ ராத்திரி விளக்கணைக்கும்போதோ ஒருநாளும் பார்த்திராத விதமாக, அவசரமே இல்லாமல், நெற்றி, கண், நரைத்த காதோரம் என்று ஒவ்வொன்றாகக் குணவதியைப் பார்த்தார். அவளும் அசையாமல் நின்று பார்க்கக் கொடுத்தாள். பிறகு அவர் நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தார். படியிறங்கிப் போகும் காலடிச் சத்தம் பைண்டிங் பிரிவு வரை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

இரண்டு பெண்களும் மேசையருகே உட்கார்ந்தார்கள். மணி அடித்தது, செத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். குணவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த நீலப் புத்தகத்தைத் திறந்து, கடைசியில் இருந்த வெற்றுத்தாளில் பென்சிலை வைத்தாள்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க அக்கா? அந்த வார்த்த இதுல இல்லீங்களே?"

பொம்மி அவள் கையைப் பிடித்துப் பென்சிலைக் கீழே வைத்தாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"அத எழுத வேண்டாம்," என்றாள். "எல்லாத்தையும் எழுதிட்டா, வர்ற ஞாயித்துக்கெழம எங்கூட்டுக்கு எதுக்கு வருவ?"